அயல்நாட்டுக் குடியுரிமை: எது போகும், எது நிலைக்கும்?

மேற்படிப்புக்கோ வேலைக்கோ அயல்நாடு சென்ற மகனோ மகளோ ஒரு நாள் தொலைபேசியில் அழைத்து, "இந்நாட்டுக் குடியுரிமை கிடைத்துவிட்டது, அடுத்த மாதம் உறுதிமொழி எடுக்க நாள் குறித்திருக்கிறார்கள்" என்று சொல்லும்போது, மகிழ்ச்சியின் நடுவே பெற்றோர் மனத்தில் ஒரு கேள்வி எழுவது இயல்பு. இந்தியக் குடியுரிமை என்ன ஆகும்? இரண்டையும் ஒருசேர வைத்துக்கொள்ள முடியாதா? நம் வங்கிக் கிளைகளுக்கு வரும் வாடிக்கையாளர்கள் இதே கேள்வியை வேறு வடிவில் கேட்கிறார்கள். கணக்கு என்ன ஆகும், வைப்புத்தொகை என்ன ஆகும், ஊரில் உள்ள வீடும் வயலும் என்ன ஆகும்?

முதல் கேள்விக்கு விடை மிகச் சுருக்கமானது. முடியாது. இந்தியச் சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. மற்றக் கேள்விகளுக்கு விடை சற்று விரிவானது. குடியுரிமையோடு சேர்ந்து போய்விடும் என்று அஞ்சப்படும் பல உரிமைகள் உண்மையில் போவதில்லை. இருக்கும் என்று நம்பப்படும் சில உரிமைகள் இருப்பதில்லை. இவ்விரண்டையும் பிரித்தறிவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இது ஒருசிலரின் கவலை அன்று. வெளியுறவு அமைச்சகம் நாடாளுமன்றத்தில் தெரிவித்த கணக்கின்படி, 2022-ஆம் ஆண்டில் 2,25,620 பேரும், 2023-ஆம் ஆண்டில் 2,16,219 பேரும் இந்தியக் குடியுரிமையை விட்டுள்ளனர். ஒவ்வொருவருக்கும் இங்கே ஒரு வங்கிக் கணக்கோ, பெற்றோரின் வீடோ, பெயர் மாற்ற வேண்டிய ஓர் ஆவணமோ இருக்கவே செய்யும்.

இரு நாட்டுச் சட்டங்களும் இசைய வேண்டும்

யார் தன் குடிமகன் என்பதை ஒவ்வொரு நாடும் தன் சொந்தச் சட்டத்தால் தீர்மானித்துக்கொள்கிறது. 1930-ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கை இந்தக் கொள்கையை எழுத்தில் வடித்தது. எனவே ஒருவர் இரு நாடுகளின் குடியுரிமையையும் வைத்திருக்க வேண்டுமானால், புதிதாகச் சேரும் நாடு, பிறந்த நாடு ஆகிய இரண்டின் சட்டங்களும் அதற்கு இடம் தர வேண்டும். ஒன்று மறுத்தாலும் போதும். இரட்டைக் குடியுரிமை கைகூடாது.

புதிதாகச் சேரும் நாட்டின் பக்கம் பார்ப்போம். அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா ஆகிய நாடுகள் பழைய குடியுரிமையைத் துறந்ததற்கான சான்றைக் கேட்பதில்லை. அமெரிக்காவின் உறுதிமொழியில் பிற நாடுகள்மீதான பற்றுறுதியைத் துறப்பதாகச் சொற்கள் உண்டு. ஆயினும் பழைய நாட்டின் கடவுச்சீட்டை ஒப்படைத்துவிட்டு வருமாறு அந்நாடு வற்புறுத்துவதில்லை. சிங்கப்பூர் அப்படியன்று, பழைய குடியுரிமையைத் துறந்தால்தான் அங்கே குடியுரிமை கிடைக்கும். நெடுங்காலம் துறப்பை வலியுறுத்திவந்த ஜெர்மனி, 2024 ஜூன் 27 முதல் அந்த நிபந்தனையைக் கைவிட்டது.

ஜெர்மனியின் புதிய சட்டம் வந்தபோது, "இனி இந்தியக் குடியுரிமையையும் வைத்துக்கொள்ளலாம்" என்று எண்ணியவர்கள் உண்டு. அது பாதி உண்மை மட்டுமே. ஜெர்மனி தன் பக்கத்துத் தடையை நீக்கியது. இந்தியாவின் பக்கத்துத் தடை அப்படியே இருக்கிறது.

பிறந்த நாட்டின் பக்கமும் உலகம் ஒரே முகமாக இல்லை. இலங்கை 1987-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின் வழியே, விண்ணப்பித்து அனுமதி பெறுவோர் தம் இலங்கைக் குடியுரிமையை வைத்துக்கொள்ள வகைசெய்தது. பிலிப்பைன்ஸ் 2003-ஆம் ஆண்டில் தன் மக்களுக்கு அத்தகைய உரிமையை வழங்கியது. ஜப்பான், சீனா, மலேசியா, சிங்கப்பூர் ஆகியவை இந்தியாவைப் போலவே ஒற்றைக் குடியுரிமையில் உறுதியாக உள்ளன.

சட்டம் சொல்வது என்ன?

நம் அரசியலமைப்பின் பெரும்பகுதி 1950 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்தது. குடியுரிமை பற்றிய முதன்மையான பிரிவுகளோ அதற்கு இரண்டு மாதம் முன்பே, 1949 நவம்பர் 26 அன்றே உயிர்பெற்றன. பிரிவினையால் இலட்சக்கணக்கானோர் எல்லை கடந்துகொண்டிருந்த காலம் அது. யார் இந்தியர் என்பதைக் காலந்தாழ்த்தாமல் வரையறுக்க வேண்டியிருந்தது. வேறொரு பிரிவைத் தவிர, வரைவுக் குழுவுக்கு இந்தப் பிரிவைப் போலத் தலைவலி தந்தது வேறில்லை என்ற பொருளில் டாக்டர் அம்பேத்கர் அரசியல் நிர்ணய சபையில் குறிப்பிட்டார். அவ்வாறு உருவான பகுதியின் 9-ஆவது உறுப்பு, தன் விருப்பத்தால் வேற்று நாட்டுக் குடியுரிமை பெற்றவர் இந்தியக் குடிமகன் ஆகார் என்று கூறுகிறது.

1955-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இதை நிலையான விதியாக்கியது. அச்சட்டத்தின் 9-ஆவது பிரிவின்படி, இந்தியக் குடிமகன் ஒருவர் தன் விருப்பத்தால் வேற்று நாட்டுக் குடியுரிமையைப் பெறும்போது அவருடைய இந்தியக் குடியுரிமை தானாகவே முடிவுக்கு வருகிறது. 'தானாகவே' என்ற சொல்லை நாம் இங்கே கூர்ந்து கவனிக்க வேண்டும். அரசு ஆணை பிறப்பிக்க வேண்டியதில்லை. நாம் கடிதம் எழுத வேண்டியதில்லை. கடவுச்சீட்டை ஒப்படைக்கும் நாள்வரை அது காத்திருப்பதும் இல்லை. வேற்று நாட்டுக் குடியுரிமை கிடைத்த அந்தக் கணமே இந்தியக் குடியுரிமை நீங்கிவிடுகிறது. வேற்று நாட்டுக் கடவுச்சீட்டைப் பெற்றிருப்பது, அந்நாட்டுக் குடியுரிமையை விரும்பிப் பெற்றதற்கு முடிவான சான்று என்று விதிகள் கூறுகின்றன. அந்த விதி செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1962-ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்துவிட்டது.

'ஒருவர்க்கு ஒரு நாடு' என்ற இந்தக் கோட்பாட்டைத் தமிழ் பேசும் மண்ணில் ஓர் ஊரே நேரில் கண்டிருக்கிறது. பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் பகுதிகளை இந்தியாவிடம் ஒப்படைக்கும் உடன்படிக்கை 1956 மே 28 அன்று கையெழுத்தாகி, 1962 ஆகஸ்ட் 16 அன்று நடைமுறைக்கு வந்தது. அப்பகுதிகளில் பிறந்து அங்கேயே வாழ்ந்தவர்கள் அன்று இந்தியக் குடிமக்கள் ஆயினர். பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியோர் ஆறு மாதத்திற்குள் எழுத்துமூலம் அறிவிக்க வாய்ப்பளிக்கப்பட்டது. இன்றும் புதுச்சேரியில் பிரெஞ்சுத் தேர்தலில் வாக்களிக்கும் தமிழ்க் குடும்பங்கள் உள்ளன. அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள் இரு வேறு நாட்டுக் குடிமக்களாக இருக்கலாம். உடன்படிக்கை அவர்களுக்கு அளித்ததோ இரண்டில் ஒன்றைத் தெரிவுசெய்யும் உரிமையே.

நிரந்தர வசிப்புரிமை குடியுரிமை அன்று

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்வோம். அமெரிக்காவின் கிரீன் கார்டு, கனடா முதலிய நாடுகளின் நிரந்தர வசிப்புரிமை ஆகியவை அங்கே தங்கி வாழவும் தொழில் செய்யவும் அனுமதி தருபவை. குடியுரிமை தருபவை அல்ல. எத்தனை ஆண்டு அத்தகைய அனுமதியில் வாழ்ந்தாலும் ஒருவர் இந்தியக் குடிமகனாகவே நீடிக்கிறார். இந்தியக் கடவுச்சீட்டு அவருக்கு உரியது. 2010-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்திற்குப் பின், கடவுச்சீட்டில் உள்ள இந்திய முகவரிக்குரிய தொகுதியில் அவர் வாக்காளராகப் பதிவுசெய்துகொண்டு, தேர்தல் நாளன்று நேரில் வந்து வாக்களிக்கவும் முடியும்.

குடியுரிமை உறுதிமொழி எடுத்த மறுநாள் இந்நிலை மாறுகிறது. கையிலுள்ள இந்தியக் கடவுச்சீட்டில் இன்னும் சில ஆண்டுக் காலம் அச்சிடப்பட்டிருக்கலாம். ஆயினும் அதை வைத்திருக்கவோ அதைக் காட்டிப் பயணம் செய்யவோ அவருக்கு உரிமை இல்லை. 1967-ஆம் ஆண்டின் கடவுச்சீட்டுச் சட்டப்படி அது தண்டனைக்குரியது. "விசாச் செலவு மிச்சம், பழைய பாஸ்போர்ட்டில் ஒருமுறை ஊருக்கு வந்து போய்விடுகிறேன்" என்ற எண்ணம் பின்னாளில் பெருஞ்சிக்கலில் முடியக்கூடும். அந்தக் கடவுச்சீட்டை இந்தியத் தூதரகத்தில் முறைப்படி ஒப்படைத்து, அதற்கான ஒப்படைப்புச் சான்றிதழைப் பெற்றுக்கொள்வதே முறை. ஓ.சி.ஐ. அட்டைக்கு விண்ணப்பிக்கும்போதும் அச்சான்றிதழ் தேவைப்படும். ஊரிலுள்ள வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் அதையும் நீக்கச் செய்ய வேண்டும்.

ஓ.சி.ஐ. அட்டை: பெயரும் பொருளும்

வெளிநாடுகளில் வாழும் இந்திய வம்சாவளியினர் நெடுநாளாக இரட்டைக் குடியுரிமை கேட்டுவந்தனர். எல்.எம். சிங்வி தலைமையிலான உயர்நிலைக் குழு 2002 ஜனவரியில் அளித்த அறிக்கை இக்கோரிக்கைக்கு வலுவூட்டியது. அதன் பயனாக 2003, 2005-ஆம் ஆண்டுகளின் சட்டத் திருத்தங்களால் உருவானதே 'ஓவர்சீஸ் சிட்டிசன் ஆஃப் இந்தியா' என்னும் ஓ.சி.ஐ. ஏற்பாடு. முன்பு நடைமுறையில் இருந்த பி.ஐ.ஓ. அட்டை 2015 ஜனவரி 9 அன்று இதனுடன் இணைக்கப்பட்டது. காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவிலிருந்து தாயகம் திரும்பிய அந்த நாளே வெளிநாடுவாழ் இந்தியர் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

பெயரில் 'சிட்டிசன்' என்ற சொல் இருப்பதால் பலர் இதை இரட்டைக் குடியுரிமை என்றே கருதிவிடுகிறார்கள். அது சரியன்று. ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்பவர் சட்டத்தின் கண்ணில் ஓர் அயல்நாட்டவர். ஆனால் பிற அயல்நாட்டவர்க்கு இல்லாத சலுகைகள் பல பெற்றவர்.

அட்டை தருவன: வாழ்நாள் முழுவதும் எத்தனை முறையும் இந்தியா வந்து செல்லும் விசா, எவ்வளவு காலம் தங்கினாலும் அயல்நாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டாம் என்ற விலக்கு, விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு தவிர்த்த அசையாச் சொத்துகளை வாங்கவும் விற்கவும் உரிமை, மருத்துவர், செவிலியர், வழக்கறிஞர், கட்டடக்கலைஞர், பட்டயக் கணக்கர் போன்ற தொழில்களை உரிய சட்டங்களுக்கு உட்பட்டு மேற்கொள்ளும் வாய்ப்பு.

அட்டை தராதவை: வாக்குரிமை, நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினராகும் தகுதி, குடியரசுத் தலைவர், துணைத் தலைவர், உச்ச நீதிமன்ற, உயர் நீதிமன்ற நீதிபதி போன்ற பதவிகள், அரசுப் பணியில் சம வாய்ப்பு. ஆராய்ச்சி, இதழியல், மலையேற்றம், சமயப் பரப்புரை ஆகியவற்றுக்கு முன்அனுமதி தேவை. நீட், ஜே.இ.இ. முதலிய நுழைவுத் தேர்வுகளை எழுதலாம். ஆனால் 2021 மார்ச் 4 நாளிட்ட அறிவிக்கையின்படி, வெளிநாடுவாழ் இந்தியர்க்கான இடங்களுக்கே போட்டியிடலாம். இந்தியக் குடிமக்களுக்கென ஒதுக்கிய இடங்களுக்கு அல்ல. பிள்ளைகளை இந்தியாவில் மருத்துவம் படிக்க வைக்க எண்ணும் குடும்பங்கள் இதை முன்னரே அறிந்திருப்பது நல்லது.

பாகிஸ்தான், வங்கதேசக் குடியுரிமை பெற்றவர்களும் அவர்களின் வழியினரும் இந்த அட்டைக்குத் தகுதியுடையவர் அல்லர். மேலும் இது அரசு வழங்கும் பதிவு. பொய்த் தகவல் தந்து பெற்றிருந்தாலோ, சட்டத்தில் சொல்லப்பட்ட பிற காரணங்களுக்காகவோ அரசால் அதனை இரத்துச் செய்ய முடியும்.

பிள்ளைகளின் நிலை

பெற்றோர் எடுக்கும் முடிவின் முழுப் பாரமும் சில வேளை பிள்ளைகள்மீதே இறங்குகிறது. ஒருவர் முறைப்படி அறிவிப்புச் செய்து இந்தியக் குடியுரிமையைத் துறந்தால், அவருடைய வயது வராத பிள்ளைகளும் அதை இழக்கின்றனர். ஆனால் பதினெட்டு வயது நிறைந்த ஓராண்டுக்குள் அறிவிப்புச் செய்து அவர்கள் அதை மீட்டுக்கொள்ளலாம் என்று சட்டத்தின் 8-ஆவது பிரிவு கூறுகிறது. இந்தப் பிரிவை நம்பி, "பிள்ளை பெரியவனானதும் விரும்பினால் திரும்ப வாங்கிக்கொள்வான்" என்று எண்ணியிருந்த பெற்றோர் பலர்.

2024 அக்டோபர் 18 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பு இதைத் தெளிவுபடுத்தியது. பெற்றோர் சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றபின் அங்கே பிறந்த ஓர் இளைஞர், வயது வந்ததும் இந்தியக் குடியுரிமையை மீட்டுத்தருமாறு கோரினார். சென்னை உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்திருந்தது. உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. வேற்று நாட்டுக் குடியுரிமை பெற்றதால் 9-ஆவது பிரிவின்கீழ் தானாக நீங்கிய குடியுரிமை வேறு. 8-ஆவது பிரிவின்கீழ் அறிவிப்புச் செய்து துறந்த குடியுரிமை வேறு. மீட்டுக்கொள்ளும் வழி பின்னதற்கு மட்டுமே உண்டு என்பது தீர்ப்பின் சாரம். அயல்நாட்டுக் குடியுரிமை பெறுவோரில் மிகப் பெரும்பாலோர் முதல் வகையினர். ஆகவே பிள்ளைகளுக்கு எளிய மீட்பு வழி இருக்கிறது என்று கருதி முடிவெடுப்பது தவறாகும்.

பிறப்பாலேயே இரு நாட்டுக் குடியுரிமை அமைந்த பிள்ளைகளும் உள்ளனர். இந்தியக் குடிமக்களான பெற்றோர்க்கு அமெரிக்காவில் பிறந்து, இந்தியத் தூதரகத்திலும் பதிவுசெய்யப்பட்ட குழந்தை அத்தகையது. அவர்கள் வயது வந்த ஆறு மாதத்திற்குள் மற்ற நாட்டுக் குடியுரிமையைத் துறக்காவிடில் இந்தியக் குடியுரிமை நீங்கிவிடும்.

வங்கிக் கணக்கு மாறுவது எந்த நாளில்?

இனி நம் வங்கிக்கு நேரடியாகத் தொடர்புடைய பகுதிக்கு வருவோம். மகள் கனடாக் குடியுரிமை பெற்றதும் அவளுடைய கணக்கை மாற்ற வேண்டுமா என்று கேட்கப்படுவதுண்டு. கணக்கு மாறியிருக்க வேண்டிய நாள் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே வந்து போயிருக்கும் என்பதே உண்மை.

ஃபெமா என்று சுருக்கமாக அழைக்கப்படும் 1999-ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம், ஒருவர் எந்நாட்டுக் குடிமகன் என்று பார்ப்பதில்லை. எங்கே வசிக்கிறார் என்றே பார்க்கிறது. வேலைக்காகவோ தொழிலுக்காகவோ காலவரையறை இன்றித் தங்கும் நோக்குடனோ இந்தியாவை விட்டுச் செல்பவர், அப்போதே இந்தியாவுக்கு வெளியே வசிப்பவர் ஆகிவிடுகிறார். மேற்படிப்புக்காகச் செல்லும் மாணவர்களையும் ரிசர்வ் வங்கி இவ்வாறே கருதுகிறது. அப்போதே அவர்களின் சாதாரண சேமிப்புக் கணக்கு என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றப்பட வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்க்கும் ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்பவர்க்கும் இதில் வேறுபாடு இல்லை. சுருங்கச் சொன்னால், கணக்கின் வகை விமானம் ஏறும் நாளில் மாறுகிறது. கடவுச்சீட்டு உறுதிமொழி எடுக்கும் நாளில் மாறுகிறது.

வெளிநாட்டில் ஈட்டிய பணத்தை வைக்க என்.ஆர்.இ. கணக்கு உள்ளது. இதிலுள்ள அசலையும் வட்டியையும் தடையின்றி வெளிநாட்டுக்குத் திரும்ப அனுப்பலாம். வட்டிக்கு இந்தியாவில் வருமான வரி இல்லை. எஃப்.சி.என்.ஆர். வைப்பு அயல்நாட்டு நாணயத்திலேயே 1 முதல் 5 ஆண்டு வரை வைக்கப்படுவது. வாடகை, ஓய்வூதியம், பங்காதாயம், நிலம் விற்ற தொகை போன்ற இந்திய வருவாய்க்கு உரியது என்.ஆர்.ஓ. கணக்கு. இதன் வட்டிக்கு 30 விழுக்காடும் அதன்மேல் வரிகளும் மூலத்திலேயே பிடித்தம் செய்யப்படும். இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் உள்ள நாடுகளில் வாழ்வோர் உரிய சான்றுகளை அளித்து அந்த விகிதத்தைக் குறைத்துக்கொள்ளலாம். என்.ஆர்.ஓ. கணக்கிலிருந்து, வரி செலுத்தியபின், ஒரு நிதியாண்டில் 10 இலட்சம் டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். இவை யாவும் குடியுரிமை மாறிய பின்னும் இந்திய வம்சாவளியினர்க்குத் தொடர்ந்து கிடைக்கின்றன.

அவ்வாறாயின் வங்கியிடம் தெரிவிக்க வேண்டியது என்ன? புதிய கடவுச்சீட்டு, ஓ.சி.ஐ. அட்டை, வெளிநாட்டு முகவரி, வரி செலுத்தும் நாடு ஆகியவற்றின் விவரம். பெயர் எழுத்துக்கூட்டல் புதிய ஆவணத்தில் மாறியிருந்தால் அதையும் தெரிவிக்க வேண்டும். தந்தை பெயரைத் தலைப்பெழுத்தாக வைக்கும் நம் வழக்கம் வெளிநாட்டு ஆவணங்களில் முழுப்பெயராக விரிவதுண்டு. இரண்டும் ஒருவரே என்று நிறுவ முடியாமல் வைப்புத்தொகை முதிர்ந்த நேரத்தில் அலைய நேரிடும். பான் எண் மாறாது. அதற்குரிய விவரங்களை மட்டும் புதுப்பிக்க வேண்டும்.

அமெரிக்கக் குடியுரிமை பெறுவோர்க்குக் கூடுதலாக ஒன்று. அந்நாடு தன் குடிமக்கள் உலகின் எந்த மூலையில் வாழ்ந்தாலும் அவர்களின் உலகளாவிய வருவாய்க்கு வரிக் கணக்குக் கேட்கிறது. இந்தியாவில் வரி இல்லாத என்.ஆர்.இ. வட்டியும் அங்கே வருவாயாகக் காட்டப்பட வேண்டியதே. வெளிநாட்டுக் கணக்குகளின் கூட்டு இருப்பு ஆண்டின் எந்த நாளிலேனும் 10,000 டாலரைத் தாண்டினால் அதைத் தனியே அறிவிக்கவும் வேண்டும். இந்தியாவும் அமெரிக்காவும் 2015-ஆம் ஆண்டில் செய்துகொண்ட உடன்பாட்டின்படி வங்கிகள் இத்தகைய கணக்குகளின் விவரங்களை அளிக்கின்றன. முதுமையில் ஊர் திரும்பி நிம்மதியாக வாழ நினைப்பவர்க்கும் அமெரிக்கக் குடியுரிமை உள்ளவரை இந்தக் கடமை தொடரும்.

வீடும் வயலும்

ஒரு குடும்பத்தை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். தஞ்சைப் பகுதியில் தந்தைக்கு ஒரு வீடும் மூன்று ஏக்கர் நஞ்சையும் உள்ளன. ஒரே மகள் ஆஸ்திரேலியாவில் வாழ்கிறாள். அடுத்த ஆண்டு அந்நாட்டுக் குடியுரிமை பெறவிருக்கிறாள். அதற்குள் நிலத்தை அவள் பெயருக்கு எழுதிவைத்துவிட வேண்டும், இல்லையேல் கைவிட்டுப் போய்விடும் என்று தந்தை பதறுகிறார். தானப் பத்திரம் எழுத நாள் பார்க்கிறார்.

இந்தப் பதற்றம் இரு வகையில் பிழையானது. முதலாவதாக, இந்தியாவில் வசிப்பவரிடமிருந்து வாரிசுரிமையாக வரும் சொத்தை, அது விவசாய நிலமே ஆயினும், ஓ.சி.ஐ. அட்டை உடையவர் பெறலாம், வைத்திருக்கலாம். குடியுரிமை மாறுவதால் அந்த உரிமை போவதில்லை. இரண்டாவதாக, வெளிநாட்டில் வசிப்பவர் விவசாய நிலத்தை விலைக்கு வாங்குவதும் தானமாகப் பெறுவதும், அவர் இந்தியக் குடிமகனாக இருக்கும்போதே அனுமதிக்கப்படுவதில்லை. ஆக, தந்தை அவசரமாக எழுத நினைக்கும் தானப் பத்திரமே விதிக்கு மாறானது. அவர் செய்யத்தக்கது தெளிவான உயில் ஒன்றை எழுதிப் பதிவுசெய்து வைப்பது. வீட்டையோ அவர் தம் வாழ்நாளிலேயே மகளுக்குத் தானமாக அளிக்க விதிகள் இடம் தருகின்றன.

பின்னாளில் மகள் அந்த நிலத்தை விற்க விரும்பினால், இந்தியாவில் வசிப்பவருக்கே விற்க முடியும். நேரில் வர இயலாவிட்டால், தான் வாழும் நாட்டிலுள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்ற அதிகாரப் பத்திரம் வழியே நம்பிக்கைக்குரிய ஒருவரைக் கொண்டு செய்யலாம். இந்தியாவில் வசிக்கும்போது வாங்கிய சொத்தையும் தொடர்ந்து வைத்திருக்கலாம்.

உறுதிமொழிக்கு முன்னும் பின்னும்

முடிவு குடும்பத்தினுடையது. அந்நாட்டில் வாக்குரிமை, பணிப் பாதுகாப்பு, நாடு கடத்தப்படும் அச்சமின்மை, பல நாடுகளுக்கு எளிதில் பயணம் செய்யும் வசதி எனக் குடியுரிமை பெறுவோர்க்குத் தக்க காரணங்கள் உண்டு. நிரந்தர வசிப்புரிமையோடு நின்று இந்தியக் குடிமக்களாகவே வாழ்ந்துவிடுவோர்க்கும் அதே அளவு தக்க காரணங்கள் உண்டு. எம்முடிவாயினும் பின்வருவனவற்றை வரிசைப்படி கவனித்தால் பிற்காலச் சிக்கல் குறையும்.

1. உறுதிமொழிக்கு முன், பிள்ளைகளின் குடியுரிமை நிலையையும் அவர்கள் இந்தியாவில் படிக்கும் எண்ணம் உண்டா என்பதையும் குடும்பமாக அமர்ந்து பேசிக்கொள்ளுங்கள்.

2. சாதாரண சேமிப்புக் கணக்கு இன்னும் பழைய வகையிலேயே இருந்தால், முதலில் அதை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றுங்கள்.

3. குடியுரிமை பெற்றபின், இந்தியக் கடவுச்சீட்டில் பயணம் செய்யாதீர்கள். காலம் தாழ்த்தாமல் அதை ஒப்படைத்துச் சான்றிதழ் பெறுங்கள்.

4. ஓ.சி.ஐ. அட்டைக்கு விண்ணப்பியுங்கள். அட்டை கைக்கு வருமுன் அவசரமாக ஊருக்கு வர வேண்டியிருந்தால் விசா பெற்றே வாருங்கள். வயதான பெற்றோர் உள்ளவர்கள் இந்த இடைக்காலத்தை மனத்தில் வைத்துத் திட்டமிடுவது நலம்.

5. வாக்காளர் பட்டியல், பான், வங்கி, காப்பீடு, பங்கு முதலீடு ஆகிய இடங்களில் விவரங்களைப் புதுப்பியுங்கள். பெயர் எங்கும் ஒரே வடிவில் இருக்கட்டும்.

6. எல்லாக் கணக்குகளிலும் நியமனதாரர் பெயரைச் சரிபாருங்கள். பெற்றோர் உயில் எழுதி வைப்பதை ஒத்திப்போட வேண்டாம்.

திரும்பி வரும் வழி முற்றிலும் அடைபட்டதன்று. ஓ.சி.ஐ. பதிவு பெற்று ஐந்தாண்டு நிறைந்து, விண்ணப்பிக்கும் முன் பன்னிரண்டு மாதம் இந்தியாவில் வாழ்ந்தவர், மீண்டும் இந்தியக் குடிமகனாகப் பதிவுசெய்யக் கோரலாம். அப்போதும் விதி அதுவே: மற்ற நாட்டுக் குடியுரிமையை விட்டுவிட்டுத்தான் வர வேண்டும்.

தொலைபேசியில் அந்தச் செய்தி வரும் நாளில், தஞ்சைத் தந்தையைப் போல் பதறவும் வேண்டாம்; ஓ.சி.ஐ. அட்டை எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று வாளாவிருக்கவும் வேண்டாம். வாக்கும் கடவுச்சீட்டும் போகும். பிறந்த வீட்டு வாசலும், பெற்றோர் வழிவரும் நிலமும், வங்கியில் சேர்த்த பணமும் நிலைக்கும். அவை தடையின்றி நிலைக்க, ஆவணங்கள் உண்மை நிலையைச் சொல்ல வேண்டும். அதற்கான உதவியை வெளிநாடுவாழ் இந்தியர் சேவையுள்ள நம் கிளைகளில் எப்போதும் கேட்டுப் பெறலாம்.